ஏக்கம் கிளம்பும் இடம்: போதைப் பழக்கத்தை விட்டவர்களுக்குத் தூண்டுதல்கள் பற்றிய முழுமையான வழிகாட்டி

குடியை விட்டு நான்காவது மாதம். மாதக் கடைசி நாள், மாலை நாலே கால் மணி இருக்கும். மேசை மேல் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. சம்பளம் கணக்கில் ஏறிவிட்டது என்று வங்கியின் குறுஞ்செய்தி. அதைப் படித்து முடிப்பதற்குள் என் வாயில் எச்சில் ஊறிவிட்டது. குடிக்க வேண்டும் என்ற நினைப்பே அப்போது எனக்கு இல்லை. நினைப்பு அப்புறம்தான் வந்தது. உடம்பு முந்திக்கொண்டது.

அன்று இரவு குடித்தேன். நான்கு மாதப் பாடு வீணாகிவிட்டது, எனக்கு மன உறுதியே கிடையாது என்று மூன்று நாள் என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன். நாலாவது நாள் கவுன்சலர் ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து, "குடிச்சதைப் பத்தி எழுத வேண்டாம். அதுக்கு முன்னாடி என்னென்ன நடந்துச்சோ, அதைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதுங்க" என்றார். அந்தத் தாள் எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்: ஏக்கம் உச்சிக்கு ஏறிய பிறகு அதோடு மல்லுக்கட்டுவது மிகக் கடினம். ஆனால் அது கிளம்பும் இடம் சில மணி நேரம் முன்னால் இருக்கிறது, சில சமயம் சில நாள் முன்னால் இருக்கிறது. அங்கே போய்ப் பிடித்தால் பிடிபடுகிறது.

நான் குடியை வைத்துப் பேசுகிறேன், அனுபவித்தது அதுதான் என்பதால். புகை, போதைப்பொருள், மாத்திரை, சூதாட்டம் எதிலிருந்து மீள்பவருக்கும் இந்த முறை பொருந்தும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் பென்சோடயாசெபைன் வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும் திடீர் நிறுத்தம் ஆபத்து. அந்தக் கட்டத்தை மருத்துவரின் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கானது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

மணியோசை கேட்டதும் எச்சில் ஊறவிட்ட நாய்களைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம். ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் கண்டது: உணவோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வரும் எந்த அடையாளமும் கொஞ்ச நாளில் உணவின் வேலையைத் தானே செய்ய ஆரம்பித்துவிடும். என் சம்பளச் செய்தி அப்படி ஒரு மணியோசை. பல வருடம் அந்தச் செய்தி வந்த இரண்டு மணி நேரத்துக்குள் நான் குடித்திருக்கிறேன்.

1940களில் ஆபிரகாம் விக்லர் என்ற மருத்துவர், அமெரிக்காவில் போதை அடிமைகளுக்கான அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தார். ஹெராயின் போன்றவற்றை மாதக்கணக்கில் தொடாமல் தேறிவிட்ட நோயாளிகள், குழுவாக உட்கார்ந்து பழைய நாட்களைப் பேசும்போது கொட்டாவி விட்டார்கள், கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. மருந்தை நிறுத்தியவுடன் வரும் வித்டிராயல் அறிகுறிகள் அவை. உடம்பில் போதை துளியும் இல்லை, பேச்சு மட்டும்தான் நடந்தது. அந்தப் பேச்சுக்கே உடம்பு பதில் சொல்லிவிட்டது.

1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதன் உள்வேலையைக் காட்டின. பழச்சாறு கிடைக்கும்போது குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் துள்ளின. சாறு வருவதற்கு முன் ஒரு சமிக்ஞை வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துள்ளல் இடம் மாறியது: சமிக்ஞைக்குத் துள்ளின, சாறு வந்தபோது சும்மா இருந்தன. கென்ட் பெரிட்ஜ், டெர்ரி ராபின்சன் என்ற இருவரும் 1993-இல் இன்னொன்றை எடுத்துச் சொன்னார்கள். மூளையில் 'வேண்டும்' என்பதும் 'பிடிக்கிறது' என்பதும் தனித்தனி ஏற்பாடுகள். போதை முற்ற முற்ற 'வேண்டும்' பெருகிக்கொண்டே போகும், 'பிடிக்கிறது' அதோடு சேர்ந்து வளராது. "ருசிக்கக்கூட இல்லடா, ஆனா குடிக்காம இருக்க முடியல" என்று சொல்லாத குடிநோயாளி உண்டா? அவர் பொய் சொல்லவில்லை.

இடத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு வியட்நாம் போரே சாட்சி. 1971 வாக்கில் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஹெராயின் வகைப் போதைக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையானவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தக் காடும் அந்தக் கூட்டமும் அந்தப் பயமும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் போய்விட்டன என்பது பெரிய காரணம். நம்மில் பலர் நிலைமை நேர்மாறானது. சிகிச்சைக்கு வேறு இடத்துக்குப் போகிறோம், அங்கே நன்றாக இருக்கிறோம், பிறகு குடித்த அதே வீட்டுக்கு, அதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறோம். "ஆஸ்பத்திரியில ஒரு மாசம் நெனப்பே வரல, வீட்டுக்கு வந்த அன்னைக்கே வந்துருச்சு" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் ஆக ஆகத் தூண்டுதல் தானாகக் குறையும் என்று எல்லோரும் நம்புகிறோம். முதல் சில மாதங்களுக்கு அது பொய்யாகலாம். கோகெய்ன் பழக்கப்படுத்திய எலிகளை வைத்து 2001-இல் வெளிவந்த ஆய்வில், நிறுத்திய மறுநாளைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து அதே சமிக்ஞைக்கு எலிகள் அதிகமாகத் துடித்தன. நான்காவது மாதம் என்னைக் கவிழ்த்ததில் ஆச்சரியம் இல்லை என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மாதம் தாண்டிவிட்டோம் என்று காவலைத் தளர்த்தாதீர்கள்.

முதல் படி: இரண்டு வாரம் எழுதுங்கள்

பாக்கெட்டில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு போதும். ஏக்கம் வரும் ஒவ்வொரு தடவையும், அடங்கியபின் ஐந்து நிமிடத்துக்குள், இவற்றை எழுதுங்கள்: நேரம், இடம், பக்கத்தில் யார், உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, மனதில் ஓடிய வாக்கியம், பத்துக்கு எத்தனை பலம், எத்தனை நிமிடம் இருந்தது, என்ன செய்தீர்கள்.

எழுதும்போது பொடிப்பொடியாக எழுதுங்கள். 'நண்பர்கள்' என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. எந்த நண்பர், எத்தனை மணிக்கு, நேரிலா போனிலா? 'டென்ஷன்' என்றும் எழுதாதீர்கள், அது ஒரு மூட்டை. அதை அவிழ்த்தால் உள்ளே அவமானம் இருக்கும், கடன்காரர் போன் இருக்கும், நாளைக்குச் சொல்ல வேண்டிய ஒரு பதில் இருக்கும். என் நோட்டில் இருந்த சில வரிகள்:

'வெள்ளி, 6.40. மாடிப்படி. கண்ணாடிப் பாத்திரம் இரண்டு மோதும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து. தொண்டை வறண்டது. 6. பன்னிரண்டு நிமிடம்.'

'ஞாயிறு, 11. யாரும் இல்லை. எதுவும் நடக்கவில்லை. 'இன்னும் எவ்வளவு நேரம் இந்த நாளை ஓட்டுவது.' 8. நாற்பது நிமிடம், விட்டு விட்டு.'

இரண்டாவது வரி என்னைத் திடுக்கிட வைத்தது. சண்டையும் சோகமும்தான் என் எதிரிகள் என்று அதுவரை நினைத்திருந்தேன். சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவற்றைவிடப் பெரிய எதிரியாக இருந்தது.

எழுதாமல் விட்டுப்போவது எது என்றும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். பதவி உயர்வு, குழந்தை பிறந்தது, அணி ஜெயித்தது, 'விட்டு நூறு நாள் ஆகிவிட்டது' என்ற பெருமை, எல்லாமே தூண்டுதல்தான். வாசனைகளும் அப்படித் தப்பிவிடும்: தீக்குச்சி, வாசனைத் திரவியம், கை கழுவும் ஸ்பிரிட், மதுசாரம் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து. சிகரெட்டும் குடியும் ஒன்றாகப் பழகியவர்களுக்கு ஒன்று மற்றதை இழுத்துவரும்.

இரண்டாம் படி: பின்னோக்கி நடங்கள்

வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கடைசியாகக் குடித்த நாளை, அல்லது மயிரிழையில் தப்பிய நாளை எடுத்துக்கொண்டு, முடிவிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போங்கள். கவுன்சலர் கொடுத்த தாளில் நான் எழுதியது இது.

எட்டரை மணிக்குக் குடித்தேன். எட்டு மணிக்குக் கடை வாசலில் நின்றேன். ஏழரைக்கு, வழக்கமாக இறங்கும் நிறுத்தத்துக்கு ஒன்று முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கினேன். 'கொஞ்சம் நடந்தால் உடம்புக்கு நல்லது' என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில்தான் அந்தக் கடை. ஆறு மணிக்கு 'இன்னைக்கு லேட்டாகும்' என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நாலே காலுக்குச் சம்பளச் செய்தி. மதியம் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை என்று நினைத்தேன். காலையில் மேலாளர் எல்லோர் முன்னாலும் என் தவறு ஒன்றைச் சொல்லிக் காட்டினார். முந்தின இரவு மூன்று மணி நேரம்தான் தூக்கம். அதற்கு முந்தின வாரம், குடியை விட்டவர்கள் கூடும் குழுக் கூட்டத்துக்குப் போகவில்லை. 'நல்லாத்தானே இருக்கேன்' என்பது காரணம்.

எழுதி முடித்ததும் கவுன்சலர் கேட்டது ஒரே கேள்வி. "இதுல எந்த எடத்துல திரும்புறது உங்களுக்கு ரொம்ப சுலபமா இருந்திருக்கும்?" கடை வாசலில் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே நான் நானாகவே இல்லை. மனைவிக்கு அனுப்பிய அந்தச் செய்திதான் எனக்குப் பட்டது. அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தபோது குடிக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

போதைக்கு மறுபடி திரும்புவதைத் தடுக்கும் முறையை 1980களில் வகுத்தவர் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர். சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் இந்தச் சின்னச் சின்ன முடிவுகளை அவர் தனியாக எடுத்துக் காட்டினார். ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது, பழைய நண்பருக்கு 'சும்மா' போன் போடுவது, விருந்தாளிகளுக்காக ஒரு பாட்டில் வாங்கி வைப்பது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். வரிசையாக எழுதினால்தான் அவை எந்தப் பக்கம் போகின்றன என்று தெரியும்.

உங்கள் சங்கிலியில் நீங்கள் வீட்டாரிடம் சொல்லும் முதல் பொய்யைத் தேடுங்கள். பெரும்பாலும் சங்கிலி அங்கேதான் அறுக்க எளிதாக இருக்கும்.

மூன்றாம் படி: விலகுவது எது, மாற்றுவது எது, எதிர்கொள்வது எது

பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள்.

முதல் ஆறு மாதம் விலக முடிந்த எல்லாவற்றிலிருந்தும் விலகுங்கள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. கால் முறிந்தவரை மாவுக்கட்டோடு ஓடச் சொல்வார்களா? வீட்டில் மிச்சமிருப்பதை வேறொருவரை வைத்து அப்புறப்படுத்துங்கள், நீங்களே கொட்டப் போகாதீர்கள். கோப்பை, திறப்பான், தீப்பெட்டி, ஊசி, பொட்டலம் சுற்றிய தாள் எல்லாம் போகட்டும். விற்பவரின் எண்ணை அழித்தால் போதாது, தடுத்து வையுங்கள். குடித்த நாற்காலியை வேறு அறைக்கு மாற்றுங்கள். சின்ன விஷயம்தான், நான் செய்தேன், பலன் தெரிந்தது.

விலக முடியாதவற்றை மாற்றுங்கள். சம்பளம் வராமல் இருக்க முடியாது. அது வரும் நாளில் தனியாக இருக்காமல் இருக்கலாம். வேலை முடியும் நேரத்தை மாற்ற முடியாது, திரும்பும் பாதையை மாற்றலாம்.

எதிர்கொள்ள வேண்டியவை கடைசியில் வரட்டும். அவசரப்படாதீர்கள். பழைய இடத்துக்குப் போய் 'தாங்குகிறேனா பார்ப்போம்' என்று சோதித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மார்க் பவுட்டன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதில் ஒரு முக்கியமான உண்மையைச் சொல்கின்றன. ஒரு தூண்டுதலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழகினால் பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இடம் மாறினால் பழையது எட்டிப் பார்க்கும். ஆலோசகரின் அறையில் மதுப்புட்டியைப் பார்த்துக் கலங்காமல் இருந்தவர் கல்யாண வீட்டில் கலங்குவது இதனால்தான். ஆகவே எதிர்கொள்வதை ஓர் இடத்தில் ஒரு தடவை செய்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும், துணையோடு, கொஞ்ச நேரத்தில் தொடங்கிப் பழக வேண்டும்.

நான்காம் படி: முன்கூட்டியே முடிவெடுத்து எழுதிவையுங்கள்

ஏக்கம் ஏறிய தலையால் யோசிக்க முடியாது. யோசிப்பதை அமைதியாக இருக்கும் காலைப் பொழுதிலேயே முடித்துவிடுங்கள். 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்ற வடிவில் ஓர் அட்டையில் எழுத வேண்டும். 'இனிமேல் கட்டுப்பாடாக இருப்பேன்' என்ற பொதுத் தீர்மானத்தைவிட, எப்போது, எங்கே, என்ன என்று கட்டிவைத்த தீர்மானம் நடைமுறையில் நன்றாக நிற்கிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

என் அட்டையின் முதல் வரி: 'சம்பளச் செய்தி வந்தால், போனைக் கீழே வைக்காமல் அப்படியே மனைவிக்குப் போன் போட்டு, வந்துவிட்டது என்று சொல்வேன். செலவுப் பணம் போக மீதியை அவள் கணக்குக்கு மாற்றுவேன்.' இரண்டாவது: 'லேட்டாகும் என்று எழுத விரல் போனால், அதை அழித்துவிட்டு, மனசு சரியில்ல என்று எழுதுவேன்.' இரண்டாவது வரி எனக்கு அதிகம் உதவியது.

கூப்பிடுபவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். காரணம் சொல்லாதீர்கள். "மாத்திரை சாப்பிடுறேன் மச்சான்" என்றால், "எப்ப முடியுது? முடிஞ்சதும் வா" என்று பதில் வரும். "இன்னைக்கு வேலை இருக்கு" என்றால் நாளைக்குக் கூப்பிடுவார்கள். "விட்டுட்டேன் மச்சான். இதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே" என்பது போதும். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், அல்லது போனை வையுங்கள். கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையிலேயே கூப்பிட்டபோது வாய் தடுமாறவில்லை.

ஐந்தாம் படி: ஏக்கம் வந்தே விட்டால்

எவ்வளவு தடுத்தாலும் வரும். அப்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது: அது நிரந்தரமில்லை. தீனி போடாவிட்டால் பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடத்தில், அதிகம் போனால் அரை மணியில் உச்சி தாண்டி இறங்கும். மறுபடி ஏறலாம், மறுபடியும் இறங்கும்.

'நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது' என்று அதை அமுக்காதீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் ஒரு சோதனையில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னார். நினைவை அமுக்கியவர்களுக்குப் பிறகு கரடி இன்னும் அதிகமாக வந்தது. அமுக்குவதற்குப் பதிலாக மார்லட் சொல்லித்தந்த முறை, ஏக்கத்தை அலையாகப் பார்த்து அதன் மேல் மிதப்பது.

செய்ய வேண்டியது இது. இருக்கும் இடத்தைவிட்டு எழுந்து, அங்கே குடி கிடைப்பதாக இருந்தால் அந்த இடத்தைவிட்டே வெளியேறுங்கள். மணியைப் பாருங்கள். பிறகு உட்கார்ந்து ஏக்கம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எனக்குத் தொண்டையும் தாடையும். சிலருக்கு நெஞ்சுக்குழி, சிலருக்கு உள்ளங்கை. அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் மனதால் கவனியுங்கள்: சூடா, இறுக்கமா, துடிப்பா? மூச்சை மெதுவாக விடுங்கள், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். இறுக்கம் ஏறினால் 'ஏறுகிறது' என்று சொல்லுங்கள், இறங்கினால் 'இறங்குகிறது'. மாற்ற முயலாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பத்துக்கு எத்தனை என்று எண் கொடுங்கள்.

இது எல்லோருக்கும் ஒத்துவராது. உள்ளே பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடுபவர்கள் உண்டு. அவர்கள் கண்ணையும் கையையும் வேலை வாங்கலாம். ஏக்கம் பெரும்பாலும் மனக்கண்ணில் ஓடும் படம்தான். அந்தத் திரையில் வேறு படம் ஓடினால் இதற்கு இடம் குறைகிறது. டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் விளையாட்டைச் சில நிமிடம் ஆடினால் ஏக்கத்தின் பலம் குறைவதாக இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. படம் வரைவது, புதிர் அடுக்குவது எல்லாம் இதே வகை.

மனம் எப்போதும் முதல் மிடறின் படத்தை மட்டும் காட்டி நிறுத்திவிடும். நீங்கள் அங்கே நிறுத்தாமல் மேலே ஓட்டுங்கள்: மூன்றாவது கோப்பை, வீட்டுக் கதவைத் தட்டும் நேரம், பிள்ளை தூங்குவதுபோல் நடிப்பது, மறுநாள் காலை கை நடுங்கச் சட்டைப் பொத்தான் போடுவது. முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

யாருக்காவது போன் செய்யுங்கள். எண்ணை முன்பே குறித்துவையுங்கள், முன்பே கேட்டும் வையுங்கள்: "அண்ணா, எனக்கு ஒரு மாதிரி ஆகும்போது கூப்பிடலாமா?" குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935-இல் தொடங்கியதே இப்படித்தான். வெளியூரில் தனியாக மாட்டிக்கொண்டு குடித்துவிடுவோமோ என்று பயந்த பில் வில்சன், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித்.

ஆறாம் படி: உள்ளே இருந்து வருபவை

பசி, கோபம், தனிமை, களைப்பு. மீட்புக் குழுக்களில் இந்த நான்கையும் விரல்விட்டு எண்ணச் சொல்வார்கள். ஏக்கம் வந்ததும் கேளுங்கள்: கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? யார் மேல் கோபம்? கடைசியாக மனம்விட்டுப் பேசியது எப்போது? எவ்வளவு தூங்கினேன்? என் தாளில் நான்கும் ஒரே நாளில் இருந்தன. சாப்பிட்டிருந்தால் மட்டுமே தப்பியிருப்பேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலில் இரண்டு குறைந்திருந்தாலும் அந்த ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருப்பேன் என்று நம்புகிறேன்.

தூக்கம் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். குடியை விட்டபின் பல மாதம் தூக்கம் சரிவராமல் இருப்பது சகஜம். 'குடித்தபோதாவது தூங்கினேன்' என்ற நினைப்பு மிகவும் வலுவான தூண்டுதல். தானாக மாத்திரை வாங்கி விழுங்காமல், இதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மன அழுத்தம், பதற்றம், பழைய அதிர்ச்சி இவை அடியில் இருந்தால் நோட்டும் அட்டையும் மட்டும் போதாது. அவற்றுக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். ஏக்கத்தைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன: குடிக்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட். ஹெராயின் வகைக்கு மெத்தடோன், பியூப்ரெனார்பின். புகைக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, வரெனிக்லின். 'ஒரு மருந்தை விட்டு இன்னொரு மருந்தா' என்று சிலர் ஏளனம் செய்வார்கள். காது கொடுக்காதீர்கள். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஏழாம் படி: சறுக்கிவிட்டால்

போதையிலிருந்து மீள்பவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு கட்டத்தில் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் சிகிச்சையை விட்டு மறுபடி நோய்ப்படும் அளவுக்கு இது நெருக்கமானது. ஆகவே சறுக்கலுக்கும் ஒரு திட்டம் எழுதிவைப்பது விவேகம்.

ஒரு மிடறு குடித்ததைவிட, குடித்தபின் மனம் சொல்லும் வாக்கியம் அதிகம் கெடுக்கும். 'போச்சு, எல்லாம் போச்சு, இனி என்ன, முழுசாகவே குடிப்போம்.' ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சியாவது பெரும்பாலும் இந்த வாக்கியத்தால்தான் என்று மார்லட் சொன்னார். என் மூன்று நாளும் அப்படித்தான் போயின. செய்ய வேண்டியது: மிச்சத்தைக் கொட்டுங்கள், அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், சாப்பிட்டுத் தூங்குங்கள், மறுநாள் காலை சங்கிலியை எழுதுங்கள். நான்கு மாதம் குடிக்காமல் இருந்தது நடந்த உண்மை, அதை யாரும் அழிக்க முடியாது.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகையிலிருந்து விலகியிருந்தவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள். இடைவெளி விட்டபின் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவு இப்போது உயிரைப் பறிக்கலாம். தாங்கும் சக்தியிலும் இடத்துக்குப் பங்கு உண்டு. ஷெப்பர்ட் சீகல் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு அதிக அளவு கொடுத்தபோது, பழகிய அறையில் 32 சதவீதமும் புதிய அறையில் 64 சதவீதமும் இறந்தன. அளவு ஒன்றுதான், அறை மட்டும் வேறு. மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பினாலும் எழாமல் ஒருவர் கிடந்தால் உடனே அவசர உதவியை அழையுங்கள். ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நலாக்ஸோன் மருந்து கிடைக்கும் இடங்களில் அதை வீட்டில் வைத்திருங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தாலும் இதே அவசரம்தான், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வாசலிலேயே நிறுத்தி மோப்பம் பிடிப்பதும், "குடிச்சியா?" என்று கேட்பதும் எவ்வளவு வேதனையிலிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும். ஆனால் குடிக்காமல் வந்த நாளில் அந்தக் கேள்வி ஒரு பெரிய தூண்டுதல். 'குடிக்காட்டியும் இந்தப் பேச்சுதானே' என்று மனம் கணக்குப் போடும். என் மனைவி ஒருநாள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "இன்னைக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது. நாங்கள் ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொண்டோம். கூட்டத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னால், காரணம் கேட்காமல் கிளம்பிவிட வேண்டும். இரண்டு தடவை அது உதவியிருக்கிறது.

நோட்டை மூடிவைக்காதீர்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். சில தூண்டுதல்கள் மங்கிப்போயிருக்கும், சில புதிதாக முளைத்திருக்கும். எனக்கு இப்போது ஆறு வருடம் ஆகிறது. சம்பளச் செய்தி வந்தால் எச்சில் ஊறுவதில்லை. ஆனாலும் அன்று மனைவிக்குப் போன் செய்யும் பழக்கத்தை விடவில்லை.

இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரண்டாவது இரவு, தூக்கமில்லை. நர்ஸ் ஒருவர் கையில் ஸ்பிரிட் தேய்த்துக்கொண்டே என்னைக் கடந்துபோனார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நாக்கின் அடியில் நீர் சுரந்தது. நான்கு வருடமாக வராதது. எழுந்து படியிறங்கி வெளியே வந்து, அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் வரும்வரை வாசல் விளக்கின் கீழே நின்றுகொண்டு எண் கொடுத்தேன்: ஏழு, ஏழு, ஐந்து, மூன்று.

விடிந்ததும் நோட்டில் புது வரி ஏறியது. 'ஸ்பிரிட் வாசனை, தூக்கமில்லாத இரண்டாம் இரவு, அப்பாவைப் பற்றிய பயம். 7. இருபது நிமிடம்.' அதன் கீழே: 'மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், ஓர் இரவுக்கு மேல் தனியாகத் தங்கமாட்டேன்.'